பத்து நாள் பஞ்சாயத்து

தையல் மெஷின் தடதடத்தது. தையல்காரரின் காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். மறுமுனையில், பிரிந்துபோய் இரண்டு வருடமான மனைவி.

“லீவு பத்து நாளும் பாப்பா என்கூடத்தான். கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.”

“போன லீவுக்கும் உங்ககிட்டத்தானே இருந்தா? இந்தத் தடவை எங்க அக்கா வீட்டுக்கு. டிக்கெட் எடுத்தாச்சு.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“நீங்க மட்டும் என்னைக் கேட்டீங்களாக்கும்!”

கோபம் காலில் இறங்கியது; மெஷின் பறந்தது. யாருடைய கால்சட்டையோ, அதன் பாக்கெட் வாய் அடைபட்டுப் போனது. பல்லைக் கடித்தபடி தையலைப் பிரித்தார்.

கடற்கரைக்கென்று அவர் ஆசையாகத் தைத்துக் கொடுத்த பெரிய பையை மாட்டிக்கொண்டு மகள் வந்து நின்றாள்.

ஸ்பீக்கரைப் போட்டார். “நீயே சொல்லும்மா. அப்பாவா, அம்மாவா?”

“ரெண்டு பேரும் இல்லப்பா. பத்து நாள் ஸ்கூல் கேம்ப். பஸ் தெருமுனையில நிக்குது.”

“யாரைக் கேட்டுப் போற?” இரண்டு குரல்களும் ஒன்றாகக் கிளம்பின.

அவள் சம்மதக் கடிதத்தை மெஷின் மேல் விரித்தாள். அடியில் இரண்டு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன.

“அப்பா உடனே போடறேன்னுட்டார்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா போட்டதை உங்ககிட்ட காட்டினேன். ரெண்டு பேருமே ஒரு வரிகூடப் படிக்கலை!”

மகள் கடிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினாள், பிறகு திரும்பினாள்.

“கேம்ப் முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போக யார் வர்றதுன்னு சண்டையை இப்பவே ஆரம்பிச்சிடுங்கப்பா. அப்பத்தான் பத்து நாள்ல முடியும்!”