நீள வயர்

ஓசூர் வீட்டின் பின்னறையில் செல்போன் டவர் எடுக்காது. இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதமாக அங்கேயே படுத்திருக்கும் நாராயணப்பன், மகன் ராஜ்குமாரிடம் கேட்காத நாளில்லை.

"ஹால்ல இருக்கிற வைஃபை பெட்டிய இங்க மாத்துடா. மத்தூர்ல இருக்கிற உன் தங்கச்சி மேகலாகிட்ட மூஞ்சியப் பார்த்துப் பேசணும்."

"வயர் எட்டாதுப்பா. டிவியும் ஓடாது."

இன்று காலை அவனே நீளமான வயர் வாங்கிவந்து, பெட்டியைக் கட்டிலருகே வைத்தான். மருமகள் காவேரி தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். நாராயணப்பன் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

ராஜ்குமார் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். "இங்க பாருங்கப்பா. கண்ணைச் சிமிட்டுங்க."

அவர் வாய்நிறையச் சிரித்தார். "மேகலா, சாப்பிட்டியாம்மா?"

"பேசாதீங்கப்பா, ஆடுது... ஆங், ஆயிடுச்சு!" ராஜ்குமார் மனைவி பக்கம் திரும்பினான். "காவேரி, அப்பா உயிரோட இருக்காருன்னு பதிவாயிடுச்சு. இனி ஒரு வருசத்துக்குப் பென்ஷன் நிக்காது."

"அப்படின்னா பெட்டிய ஹால்லயே வச்சிடுங்க. டிவி நின்னு கெடக்குது."

அவன் வயரைச் சுருட்டினான். நாராயணப்பன் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிக்கொண்டு சொன்னார்:

"வயரப் பத்திரமா வைடா. அடுத்த வருசமும் நான் செத்துத் தொலையலன்னா, உனக்கு வேணும்ல?"