கஞ்சனின் பின் சக்கரம்

"கார் டயர்" என்றார் ட்வைட், குனிந்தவர் நிமிராமலே.

உணவகத்தின் வாசலில் நின்ற ஆர்லனின் பைக்கைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். நெடும்பயணத்துக்கென்றே செய்த கனமான பைக். அதன் பின் சக்கரத்தில், சின்னக் கார்களுக்குப் போடுகிற டயர்.

"பைக் டயர் உருண்டையா இருக்கும், சாஞ்சு திரும்பறதுக்காக. இது பலகை மாதிரி தட்டை. வளைவுல என்ன செய்வே, ஆர்லன்?"

"திரும்புவேன்."

"எதுக்கு மாத்தினே?"

"பழசு தேஞ்சு போச்சு."

"கார் டயர்னா ரெண்டு மூணு மடங்கு ஓடும்ல" என்றார் பின்னாலிருந்து லொய்ட். "இவர் போனப்புறமும் அது ஓடிக்கிட்டிருக்கும்."

சனிக்கிழமை காலையில் பான்கேக்குக்கும் காப்பிக்கும் அங்கே சேருகிற கூட்டம் அது. பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். பைக் பயணங்களில் முன்னால் போகிறவர் ட்வைட். யார் விழுந்தாலும் தூக்கம் கெடுவதும் அவருக்குத்தான்.

ஆர்லனின் மனைவி வெர்னா உள்ளே ஜன்னலோர மேஜையில் இருந்தார். எழுந்து வரவில்லை. ட்வைட் உள்ளே போய் அவரிடமே முறையிட்டார்.

"நீயாவது சொல்லு, வெர்னா. பின்னால உக்கார்றது நீதானே."

"என்னை எங்கே கேக்கறார் இவர்? என் கல்யாண மோதிரமே, கடையை மூடற அன்னிக்குத் தள்ளுபடியில வாங்கினது."

மேஜையே குலுங்கியது. வெர்னாவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஆர்லன் தலை குனிந்து பான்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

ட்வைட் சிரிக்கவில்லை. அக்டோபர் பயணத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை நெடுக வளைவுகள். அந்த டயரோடு வருகிறவரைக் கூட்டத்தில் சேர்க்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மேப்பிள் இலைகள் சிவக்கிற அந்தச் சில நாட்களுக்காகவே வெர்னா வருஷம் முழுக்கக் காத்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"வருவோம்" என்றார் ஆர்லன்.

"அந்த டயரோடயா?"

"அந்த டயரோடதான்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கேலிக்கு ஆர்லன்தான் அகப்பட்டார். காரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பரிமாறுகிற பெண்கூடக் கேட்டாள். இப்போதெல்லாம் அந்த இருவரும் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவதையும், எல்லோரும் போன பிறகே கிளம்புவதையும் லொய்ட் கண்டுபிடித்துச் சொன்னார்.

"காப்பி எத்தனை தடவை ஊத்தினாலும் ஒரே விலைதானே. விட்டுட்டுப் போக மனசு வருமா?"

"வீட்டுல பழைய தூள்லயே மறுபடி தண்ணி ஊத்தறார்" என்று வெர்னா எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு லொய்டுக்குப் புரையேறிவிட்டது.

ஆர்லன் கோப்பையை இன்னொரு தடவை நீட்டினார்.

ஒருமுறை ட்வைட் அவரைத் தனியாகப் பிடித்து, பணம்தான் பிரச்சினை என்றால் நல்ல பைக் டயர் ஒன்றைத் தானே வாங்கிப் போடுவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா" என்றார் ஆர்லன். "வருவோம்."

பயணம் கிளம்புகிற காலை. ஆற்றுப் பனி சாலைவரை ஏறியிருந்தது. திருப்பி அனுப்பியே தீருவது என்ற முடிவோடு ட்வைட் நடுவழியில் நின்றார்.

பனிக்குள்ளிருந்து பைக்கின் முகம் முதலில் வந்தது. பின் இருக்கை காலி. நல்லவேளை, வெர்னாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று ட்வைட் பெருமூச்சு விட்டார்.

பைக் இன்னும் நெருங்கியது. அதன் வலது பக்கம், ஒற்றைச் சக்கரம் வைத்த தொட்டி மாதிரி, சைட்கார் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள், கழுத்துவரை போர்வை சுற்றிக்கொண்டு வெர்னா. பக்கத்தில், ஊன்றி நடப்பதற்கான வாக்கர், மடித்துச் செருகியபடி.

சைட்கார் மாட்டிய பைக் சாயாது. அதற்குத் தட்டை டயர்தான் சரி. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

லொய்ட் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?" என்றார் வெர்னா. "இந்தத் தொட்டியும் தள்ளுபடியில வாங்கினதுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

ட்வைட், ஆர்லனைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். வெர்னாவின் கால்கள் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். வசந்தத்திலிருந்து என்றார் ஆர்லன். பைக்கிலிருந்து வெர்னாவைத் தூக்கி இறக்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போனார்களாம். சைட்கார் கட்டி முடியத் தாமதமாகிவிட்டது. பழைய டயர் அதற்கு முன்பே தேய்ந்துவிட, வரப்போகிற சைட்காருக்கு ஏற்றதாகவே மாட்டிக்கொண்டாராம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் ட்வைட். "கஞ்சன், கஞ்சன்னு உன்னைக் கிழிச்சுப் போட்டோமே."

ஆர்லன் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே ஆளுக்கொரு சட்டியில சாப்பாட்டோட, பாவப்பட்டு வாசல்ல வந்து நின்னிருப்பீங்க. அப்புறம் அவகிட்ட மெதுவாத்தான் பேசியிருப்பீங்க. அந்த மேஜையில இன்னும் கொஞ்ச நாள் சிரிப்புச் சத்தம் கேக்கணும்னு ஆசைப்பட்டா. சிரிக்கறதுக்கு யாராவது வேணுமில்ல? அதான், என்னைக் குடுத்தேன்."