துள்ளிய கோடு

“ஜோதிகா, தள்ளிப் போ... பாத்தியா, கோடு அடங்கிடுச்சு. இப்ப கிட்ட வா... துள்ளுது! உங்கிட்டதான் ஏதோ இரும்பு இருக்கு” என்றார் புஷ்பா மேடம்.

செயற்கைக்கோளில் ஏறிப் போய், பூமியைச் சுற்றியுள்ள பிளாஸ்மா என்ற மின்னூட்ட வாயுவுக்குள் காந்தப்புலத்தை அளக்கப்போகும் கருவி அது. பக்கத்தில் ஒரு குண்டூசி இருந்தாலும் கம்ப்யூட்டர் திரையில் கோடு துள்ளிவிடும். அதனால்தான் அம்பத்தூர் கம்பெனியை விட்டுவிட்டு, பருத்திப்பட்டு ஏரி ஓரமாக, பித்தளை ஆணி அடித்த மரக் கொட்டகையில் சோதனை. இன்று மாலைக்குள் தேறாவிட்டால் வேறு கம்பெனியின் கருவி பறக்கும். ஜோதிகாவின் இரண்டு வருஷ உழைப்பு அம்போ.

காலையிலேயே புஷ்பா மேடம் தன் தாலியில் மாட்டியிருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றி வாசலோரத் தட்டில் போட்டிருந்தார். “உனக்கு இந்தத் தொல்லையே இல்லம்மா” என்று ஜோதிகாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

“ஹேர்பின்?”

“கழட்டிட்டேன் மேடம்.”

“செருப்பு?”

“அது வெளிய கீது மேடம், நான்தான் வெச்சேன்” என்றார் டெக்னீஷியன் செங்கல்வராயன்.

“என் பையன் விக்ரம் மாதிரியே படுத்துதே இதுவும்! எந்தப் பொண்ணு போட்டோவைக் காட்டினாலும் இப்படித்தான் துள்றான்” என்று அலுத்துக்கொண்டார் மேடம்.

ஜோதிகாவின் பார்வை தட்டிலிருந்த ஊக்குகள்மேல் விழுந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. காட்டினால் குட்டு உடையும். மறைத்தால் கருவி போய்விடும். கருவியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

சுடிதாருக்குள்ளிருந்து புது மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்தாள். தாலியோடு ஒரு சின்ன ஊக்கு. அதைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுக் கருவியின் அருகே வந்தாள்.

கோடு அசையவில்லை. செங்கல்வராயன் மெல்ல ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புஷ்பா மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. “யாருகிட்டயும் சொல்லாம கட்டிக்கினியா? என் பையனுக்கு உன்னைத்தான் கேக்கணும்னு ஆசைப்பட்டேன். நாளைக்கு உங்க ஊட்டுக்கு வரலாம்னு பூக்காரம்மாகிட்ட சொல்லிக்கூட வெச்சுட்டேன்டி!”

ஜோதிகா குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

“நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு விக்ரம்தான் ரொம்ப பயந்துட்டாரு... அத்தை.”