பவளத்தின் குரல்

மாசிலாமணி கைப்பட்டைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். கட்டட வேலையில் சாரத்தின் மேல் நிற்கும்போது நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், மணிக்கட்டில் இருக்கும் பட்டை “நிதானமாக மூச்சை இழுங்கள்” என்று பேசத் தொடங்கிவிடும். பேசினால் நாற்பது ரூபாய். அடங்காவிட்டாலும் நாற்பதுதான். கடனை நினைத்தாலே படபடப்பு வரும், அதற்கும் ஒரு நாற்பது. கழற்றி எறியவும் வழியில்லை. பட்டை கட்டாதவனை மேஸ்திரி மேலே ஏற்றமாட்டார்.

உண்மையில் அவனை அடக்குவது கீழே கலவை சுமக்கும் அவன் பெண்சாதி பவளம்தான். போனைப் போட்டு, “யோவ், இங்க பாரு. நான் கீழதான நிக்கிறேன். எங்க போயிடப் போறேன்?” என்பாள். படபடப்பு இறங்கிவிடும். பட்டை அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தக் குரலைக் கொடுத்தால் கடனைத் தள்ளிவிடுவதாகக் கம்பெனி செய்தி அனுப்பியது.

“குரலு என்ன தேஞ்சா போயிடும்? குடுத்துத் தொலை,” என்றாள் பவளம். இருவரும் விரல் வைத்தார்கள்.

மறுவாரம் பக்கத்துப் பலகையில் கம்பி கட்டும் துரைக்கண்ணு நடுங்கிப்போய் உட்கார்ந்தான். அவன் மணிக்கட்டிலிருந்து பவளம் பேசினாள். “யோவ், இங்க பாரு. நான் கீழதான நிக்கிறேன்.”

துரைக்கண்ணு முகம் தெளிந்தது. “புதுக் குரலு சொகமா இருக்குண்ணே. கட்டுன பொண்டாட்டி கூப்புடுற மாதிரி.”

மாசிலாமணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பவளத்துக்குப் போன் போட்டான். அவள் வழக்கம்போலவே சொன்னாள். இந்தத் தடவை படபடப்பு இறங்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றான்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் பட்டையில் எழுத்து ஓடியது: உங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை.