பினாங்கில் எடுத்த படம்

தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தை உருவியபோதுதான் அந்தப் படங்கள் ஃப்ளோரன்ஸின் மடியில் விழுந்தன.

மூன்று படங்கள். முதல் இரண்டிலும் அவளுடைய நைனா சிலுவைமுத்து அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகப் பினாங்குத் துறைமுகத்தில் கூட்டாளிகளோடு நின்றார். பெண்சாதியை அந்த ஊர் மண்ணிலேயே புதைத்துவிட்டு, கைக்குழந்தையான ஃப்ளோரன்ஸோடு கப்பலேறி வந்தவர். பினாங்கு என்ற பேச்சையே அதற்குப் பிறகு எடுத்ததில்லை. படத்தில் அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

நைனாவின் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரி.

தொளதொளத்த கை வைத்த உடுப்பு, இடுப்பில் அகலமான பட்டி. படத்தின் பின்புறம் பூச்சி பூச்சியாக ஜப்பான் எழுத்தில் சிவப்பு முத்திரை. நைனாவுக்கு இப்படியொரு சினேகமா?

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டான். விசாகப்பட்டினத்திலும் போட்டுவிட்டான். அடுத்தது மெட்ராஸ் துறைமுகம்தான் என்று ராயபுரமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் எதிர்வீட்டு ஞானபாக்கியத்தின் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கடலைப் பார்த்து டார்ச் அடித்தான் என்று யாரோ சொன்னார்களாம். இன்னும் வீடு திரும்பவில்லை.

டார்ச்சுக்கே அப்படியென்றால் இதற்கு?

அதே ஞானபாக்கியம் சன்னலோரம் வந்து கிசுகிசுத்தாள். "இன்னாடி குந்திகினு கீறே? போலீசு வூடு வூடா வந்துகினு கீது."

ஃப்ளோரன்ஸ் மூன்றாவது படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். படத்தை ரவிக்கைக்குள் செருகினாள். எடுத்தாள். அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அதையும் தோண்டி எடுத்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் படத்தைத் திணித்தாள். அது சுருளும்போது, பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போலீஸ்காரர் வாசலோடு நின்றார். ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கச் சன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்றா என்று கேட்டார். தலையாட்டினாள். அவ்வளவுதான், போய்விட்டார்.

சாயங்காலம் சிலுவைமுத்து வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, செய்ததை அவர் காதோடு சொன்னாள்.

அவர் அதட்டவில்லை. அடுப்புக்கு முன்னால் குந்தி, சாம்பலைக் குச்சியால் மெல்லக் கிளறினார்.

"நல்லதுதான் பண்ணே," என்றார்.

கிளறுவதை நிறுத்தவில்லை.

"அந்த ஸ்டூடியோக்காரன் ஜப்பான்காரன். வர்றவங்களுக்கு அவுங்க ஊர் உடுப்பை மாட்டிவுட்டுப் படம் புடிப்பான். உங்கம்மாவுக்கு ஒரே ஆசை. நீ வயித்துல இருக்க சொல்ல எடுத்தது. அவளை எடுத்த ஒரே படம். அவ போனப்புறம் உனக்குக் காட்ட எனக்குத் தெகிரியம் வரலை."

ஃப்ளோரன்ஸ் சாம்பலைப் பார்த்தாள்.

"சிரிப்பை அடக்க முடியாம நின்னுகினு இருப்பா. அவ மூஞ்சியைப் பாத்தியா கண்ணு?"

உடுப்பையும் முத்திரையையும் தவிர வேறு எதையும் அவள் பார்த்திருக்கவில்லை.

"பாத்தேன் நைனா," என்றாள்.