தாளில் வேறு பெயர்

நூற்றைம்பது வயதான பாய்மரக் கப்பல் சக்கர மேடைமேல் நிற்கிறது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும் மிதவை கிளைட் நதியின் கரையை ஒட்டிக் காத்திருக்கிறது. கடல் பொங்கி நதியில் நீர் ஏறி நிற்கும் இந்த அரைமணிக்குள் கப்பலை ஏற்றியாக வேண்டும். பதினோரு வருடம் இதற்காகவே அலைந்த தச்சர் இஷ்பெல் பல்லைக் கடிக்கிறாள். துறைமுக அதிகாரி ரென்னி விடவில்லை. "அனுமதித் தாள்ல கப்பலுக்கு வேற பேரு இருக்கும்மா." "அது பின்னாடி கடற்படை மாத்தி வெச்ச பேரு சார். கப்பல் ஒண்ணுதான்!" "மேல கேக்கணும்." போனும் காதுமாக நடக்கிறார். தூறலில், நீர் இறங்க இறங்க, கரைச்சுவரின் பாசி விரல் விரலாக வெளியே தெரிகிறது. மிதவையின் அடி சேற்றில் உரசி முனகுகிறது. இவ்வளவு நீர் இனி அடுத்த வசந்தத்தில்தான் ஏறும். ரென்னி சிரித்தபடி திரும்புகிறார். "சரின்னுட்டாங்க, கிளம்புங்க!" இஷ்பெல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்கிறாள். "அந்தப் போனைக் குடுங்க சார், கடல்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்."