பிள்ளையார் சுழி போட்ட விசை

அமுதரசியின் அலுவலகக் கணினியில், ஒரே தட்டில் வேலை முடிக்கும் குறுக்குவிசைகளை யாரும் அமைப்பதில்லை. விரல்களின் பழக்கத்தைப் பார்த்து அதுவே அமைத்துக்கொள்ளும். இன்று உணவு இடைவேளையில், தான் கோபித்துக்கொண்டு பிரிந்து வந்துவிட்ட கணவன் ஞானவேலுக்கு, "உங்கள் வீட்டுச் சாவியை அனுப்பிவிடுகிறேன்" என்று எழுத உட்கார்ந்தாள். முதல் எழுத்தைத் தட்டியதுமே வெற்றுப் பக்கம் திறந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் வெற்றுப் பக்கம்.

"ஸ்டெல்லா, இதுக்குப் பேய் பிடிச்சிருச்சா?"

பக்கத்து மேசை ஸ்டெல்லா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எதை ஆரம்பிச்சாலும் பிள்ளையார் சுழி போடுறியே! 'உ'ன்னா புதுப் பக்கம்னு கத்துக்கிச்சுடி. சொல்லோட முதல்ல 'உ' வந்தா திறந்துடும்."

"இதை எப்படி மறக்கடிக்கிறது?"

"நீ பழக்கத்தை விட்டா அதுவும் விடும். இப்போதைக்கு 'உ' இல்லாம எழுது."

'உங்கள்' இல்லாமல் எப்படி? அவன் பெயரைப் போட்டால் யாரோ அந்நியருக்கு எழுதுவது போலிருந்தது. குழம்பிக் குழம்பி, "நம் வீட்டுச் சாவி" என்று தட்டினாள். அதன் பிறகு 'அனுப்பிவிடுகிறேன்' ஒட்டவில்லை. "என்னிடம்தான் இருக்கிறது" என்று முடித்தாள்.

இதை எழுதியது தானா, கணினியா என்று அவளுக்கே விளங்கவில்லை. அனுப்பும் விசையை அழுத்தியது மட்டும் அவள் விரல்தான்.